குரங்குக் காய்ச்சலும் கற்கும் யந்திரமும்

கால்நடைகளின் காதடியிலும் மடியோரத்திலும் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் உண்ணியைக் காணாத குடியானவர் இலர். அதனை அற்பப் பிராணியென்று எண்ணிப் பிடுங்கி எறிந்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். ஆயினும் மாட்டின் பாலைக் குறைத்து உடலை மெலிவிப்பதோடு அதன் தீங்கு நின்றுவிடுவதில்லை. ஓர் உடலிலுள்ள வியாதியின் வித்தை மற்றோர் உடலில் கொண்டுபோய் நடும் தொழிலையும் அது செய்து வருகிறது.

இவ்வுண்மையை முதன்முதலில் ஐயமற நிரூபித்த பரீட்சை அமெரிக்க ஐக்கிய நாட்டில் நடந்ததாகும். அந்நாட்டின் தென் பகுதிகளிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் பார்வைக்கு நல்ல சுகத்துடனேயே இருந்தன. ஆனால் அவை நடந்து சென்ற வழியில் மேய்ந்த வடபகுதி மாடுகளோ காய்ச்சல் கண்டு, சிவந்த மூத்திரம் பெய்து, கூட்டங்கூட்டமாக மாண்டன. இதற்கு உண்ணியே காரணமென்று மாடு மேய்ப்போர் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர்; கற்றோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் 1889-ஆம் ஆண்டில் அப்பேச்சைப் பரீட்சை செய்து பார்க்கத் தொடங்கினர். உண்ணியுடன் கூடிய தென்பகுதி மாடுகளை ஒரு வயலிலும், உண்ணிகளைக் கையால் பொறுக்கியெடுத்துச் சுத்தம் செய்த தென்பகுதி மாடுகளை மற்றொரு வயலிலும் வடபகுதி மாடுகளோடு சேர்த்து அடைத்தனர். வேறொரு வயலில் மாடுகளின்றி உண்ணிகளை மட்டும் தூவினர். உண்ணி இருந்த வயல்களில் வியாதி கண்டது. உண்ணி நீக்கிய வயலில் காணவில்லை. 1893-இல் அவர்கள் வெளியிட்ட இம்முடிவே, பூச்சி புழுக்களின் இனத்தைச் சார்ந்த பிராணிகள் வியாதியைக் கடத்தும் என்னும் சாஸ்திரத்திற்கு அஸ்திவாரமாயிற்று. 1906-இல் அந்நாட்டு அரசாங்கம் மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கியெடுக்கும் இயக்கத்தை ஆரம்பித்தது. 1943-இல், மெக்ஸிகோ எல்லையோரத்துக் குறுகிய பகுதி நீங்கலாக, நாடெங்கும் அவ்வுண்ணி ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. முதலில் கண்டவை மாடு மேய்ப்போரின் கண்கள். பரீட்சை அவற்றின் பின்னர் வந்தது. இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு என்று வழங்கப்படும் யந்திரக் கணக்கு முறை உண்ணி வியாதிகளின் ஆராய்ச்சியில் புகுந்துள்ளது. அம்முறைக்கும் இவ்விதி பொருந்துமா என்பதைக் குரங்குக் காய்ச்சலின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயன் தரும்.

கியாசனூர்க் காட்டில் நிகழ்ந்தது

1957-ஆம் ஆண்டின் முற்பகுதியில், அந்நாளைய மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்த ஷிமோகா ஜில்லாவில், சொரபா தாலூகாவிலுள்ள கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்து கிடக்கக் காணப்பட்டன. அதே சமயத்தில் சுற்றுக் கிராமத்து ஜனங்களுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் முதலில் அதனை மஞ்சட் காய்ச்சலோ என்று ஐயுற்றனர். பின்னர், ருஷ்ய நாட்டுக் காடுகளில் உண்ணியால் பரவும் மூளைக் காய்ச்சலின் இனத்தைச் சேர்ந்த புதியதொரு வைரஸே காரணமென்று கண்டறிந்தனர். காட்டின் பெயரே வியாதிக்கும் பெயராயிற்று. கன்னடக் குடியானவர்கள் அதனை ‘மங்கன காயிலெ’ என்பர். குரங்கு வியாதி என்பது அதன் பொருள்.

நம் பக்கத்தில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லப்படும் காய்ச்சல் இதனின் வேறானது. அது செடிகொடிகளில் வாழும் மிக நுண்ணிய சிற்றுண்ணியின் குஞ்சுகளால் பரவும் வேறொரு கிருமியினால் வருவது. அதற்குத் தக்க மருந்தும் உண்டு. குரங்குக் காய்ச்சலின் வைரஸைக் கொல்லும் தனி மருந்து இல்லை.

குரங்குக் காய்ச்சல் உண்ணி கடித்த மூன்று நாள் முதல் எட்டு நாட்களுக்குள் திடீரென்று தோன்றும். கடுந் தலைவலி, தசைகளில் தாங்கொணா வலி, வாந்தி ஆகியவை உடன் வரும். சிலருக்கு மூக்கிலும் ஈறுகளிலும் இரத்தம் கசியும். காய்ச்சல் தணிந்து ஒன்றிரண்டு வாரங்கள் சென்றபின் சிலருக்கு மறுபடியும் தோன்றி மூளையைத் தாக்குவதுண்டு. வியாதி கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கின்றனர். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆகையால் நோயாளியை வீட்டாரும் ஊராரும் அஞ்சி ஒதுக்குதல் தவறு.

உண்ணியின் மூன்று பருவங்கள்

இவ்வியாதியைப் பரப்புவதில் முதன்மையானது ஹீமாபைஸாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டுண்ணி. தொழுவத்தில் சாதாரணமாகக் காணப்படும் மாட்டுண்ணி குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து முதிர்ந்து, முட்டையிடுவதற்கு மட்டுமே தரையில் விழும். காட்டுண்ணியின் வழக்கமோ வேறு. முட்டையினின்று வெளிவரும் ஆறுகால் குஞ்சு, எலி, பறவை, குரங்கு போன்ற ஏதேனும் ஒன்றைக் கடித்து இரத்தங் குடித்துத் தரையில் விழுந்து தோலுரிக்கும். எட்டுக்கால் உள்ள இளவுண்ணியாகி வேறொரு பிராணியைப் பற்றும். மறுபடியும் விழுந்து தோலுரித்து முதிர்ந்தபின், மாடு முதலிய பெரிய பிராணியின் மேல் ஏறும். இவ்வாறு மூன்று உடல்களில் உணவு கொள்வதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வைரஸைக் கடத்துவது அதற்கு எளிதாகிறது.

மனிதரைப் பெரும்பாலும் கடிப்பது இளவுண்ணியே. கடுகளவேயான அதனைச் சருகிடையில் கண்ணால் காண்பது அரிது. மழைக்காலம் முடிந்தபின் அது பெருகுவதால், டிசம்பர் முதல் மே மாதம் வரை இவ்வியாதியின் பருவமாகும். குடியானவர்கள் விறகிற்கும், தழைக்கும், தொழுவத்தில் பரப்பும் சருகிற்கும் காட்டினுள் செல்லும் பருவமும் அதுவே.

கருமுக மந்தியும் நாட்டுக் குரங்கும் இவ்வைரஸால் தாக்குண்டு மடியும். உயிர் நீங்கிய குரங்கின் உடலை விட்டு, வைரஸ் ஏறிய உண்ணிகள் சுற்றிலும் இறங்கிப் பரவுகின்றன. ஆகவே குரங்கு விழுந்த இடம் அப்பருவம் முழுவதும் அபாய ஸ்தலமாகும். மாடுகளோ இவ்வியாதியால் அதிகம் வருந்துவதில்லை. ஆனால் முதிர்ந்த உண்ணிகளுக்கு உணவளித்து அவற்றின் இனம் பெருக உதவுகின்றன.

எல்லைக்கல் அறியாத வியாதி

பல்லாண்டுகள் வரை இவ்வியாதி ஷிமோகாவிலும் அதனையடுத்த கன்னட ஜில்லாக்களிலும் மட்டுமே காணப்பட்டது. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வெல்லை உடைந்தது. சாமராஜநகர் ஜில்லாவின் பந்திப்பூர்க் காட்டில் இறந்த குரங்குகளை அப்புறப்படுத்தி எரித்த தொழிலாளர்கள் காய்ச்சலில் வீழ்ந்தனர். பந்திப்பூருக்குத் தெற்கே முதுமலை, மேற்கே வயநாடு. மூன்றும் தொடர்ந்த ஒரே வனம். 2012-13 பருவத்தில் நீலகிரி ஜில்லாவில் இறந்த குரங்குகளிடம் இவ்வைரஸ் காணப்பட்டது. அதன்பின் வயநாட்டிலும், 2015-இல் கோவாவிலும், 2016-இல் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் ஜில்லாவிலும் ஜனங்களுக்கு வியாதி கண்டது. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் ஷிமோகா ஜில்லாவின் சாகர் தாலூகா அரலகோடு பகுதியில் அது கடுமையாகத் தோன்றிப் பல உயிர்களைக் கொண்டது.

1990 முதல் கர்நாடகத்தில் வழங்கப்பட்டு வந்த தடுப்பு ஊசி மருந்து, எதிர்பார்த்த பாதுகாப்பைத் தரவில்லை என்று காணப்பட்டதால் 2022-இல் நிறுத்தப்பட்டது. புதியதொன்றை உண்டாக்கும் முயற்சி நடைபெற்று வருகிறது. தீர்க்கும் மருந்தும் இல்லாமல், தடுக்கும் ஊசியும் கைக்கு எட்டாமல் இருக்கும்பொழுது முன்கூட்டி அறிதலே பெரும் பாதுகாப்பாகும். வியாதி எவ்வூரில், எம்மாதத்தில் தோன்றும் என்பது தெரிந்தால், உண்ணி விரட்டும் தைலத்தையும், வைத்தியரையும், எச்சரிக்கையையும் அவ்வூருக்கு முன்னதாகவே அனுப்பலாம். இம்முன்னறிவைத் தேடியே ஆராய்ச்சியாளர் யந்திரத்தின் உதவியை நாடினர்.

யந்திரம் கற்பது எப்படி?

செயற்கை நுண்ணறிவு என்பது மாயவித்தையன்று. நாற்பது ஆண்டுகள் ஒரே ஏரிப் பாசனத்தில் பயிரிட்ட முதியவர், வானத்தையும் மதகையும் நோக்கி, “இவ்வாண்டு இரண்டாம் போகம் தேறாது” என்று சொல்லிவிடுகிறார். அவர் எந்தப் புத்தகத்தையும் பார்ப்பதில்லை. கண்ட ஆண்டுகளின் நினைவே அவருக்குத் துணை. யந்திரமும் இவ்வாறே பழைய நிகழ்ச்சிகளின் பதிவுகளைப் பார்த்து, எவ்வித நிலைமையில் எவ்விதப் பலன் விளைந்தது என்னும் தொடர்பைக் கண்டுகொள்கிறது. முதியவர் ஓர் ஏரியை அறிவார். யந்திரம் ஆயிரம் ஏரிகளின் கணக்கை ஒரே சமயத்தில் பார்க்கும். ஆனால் முதியவர் தம் கண்ணால் கண்டவர். யந்திரத்திற்குக் கண் இல்லை. பிறர் எழுதிக் கொடுத்ததையே அது படிக்கும். எழுதப்படாதது அதற்கு நடவாததே ஆகும்.

உண்ணி வியாதியின் ஆராய்ச்சியில் இம்முறை மூன்று கேள்விகளுக்கு விடை தேடப் பயன்பட்டுள்ளது. வியாதி எங்கே தோன்றும்? எப்பொழுது தோன்றும்? கடித்த உண்ணி எது?

எங்கே?

2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இந்திய அறிஞரும் பிரிட்டிஷ் அறிஞரும் கூடி, ஷிமோகா ஜில்லாவில் 2014 முதல் 2018 வரை மனிதருக்குக் கண்ட வியாதியின் இடங்களை யந்திரத்திற்குக் கற்பித்தனர். காட்டின் வகை, காடு அழிந்த அளவு, கால்நடைகளின் தொகை, நிலத்தின் உயரம், வைத்திய வசதி முதலியவற்றையும் உடன் கொடுத்தனர். பசுமை மாறா ஈரக்காடும் தோட்டப் பயிரும் ஒன்றோடொன்று கலந்து, நாட்டு மாடுகள் மிகுந்து, கோடையில் இலையுதிரும் வறண்ட காடு குறைந்திருக்கும் பகுதிகளிலேயே அபாயம் அதிகமென்று தெரிய வந்தது. இவ்வாறு வரைந்த படம், 2019-இல் புதிதாக வியாதி தோன்றிய இடங்களையும் முன்னதாகச் சுட்டியிருந்தது.

இதனைக் கொண்டு நாட்டு மாடே வியாதிக்குக் காரணமென்று முடிவு கட்டலாகாது. நாட்டு மாடு காட்டோரத்தில் மேயவிடப்படுவது. கலப்பின மாடு பெரும்பாலும் கொட்டிலில் தீனி தின்பது. நாட்டு மாடு மிகுந்த இடத்தில் மாடும் மனிதரும் காட்டிற்குள் சென்று வருவதும் மிகுதியாக இருக்கக்கூடும். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்று யந்திரம் சொல்லும். ஏன் சேர்ந்தன என்பதை மனிதரே ஆராய வேண்டும்.

இவ்வாராய்ச்சியில் மற்றொரு பாடமும் உண்டு. வைத்தியசாலைப் புத்தகத்தில் பொதுவாக எழுதப்படுவது நோயாளியின் வீட்டு விலாசம். உண்ணி கடித்ததோ வீட்டில் அன்று. விறகு பொறுக்கிய சரிவிலோ, மாடு மேய்த்த ஓடைக்கரையிலோ இருக்கலாம். விலாசத்தை மட்டும் கற்ற யந்திரம் தெருவைக் காட்டி அபாயமென்னும், காட்டைக் காட்டாது. சுகாதாரம், கால்நடை, வனம் ஆகிய இலாகாக்களின் ஊழியரையும் காட்டை நம்பி வாழும் ஜனங்களையும் ஆராய்ச்சியாளர் கலந்துகொண்டதால்தான், கடி நேர்ந்த இடங்களைப் பொருத்தமாகத் திரட்ட முடிந்தது. படத்தின் பலம் யந்திரத்தின் விலையில் இல்லை, “அன்று எங்கே போயிருந்தீர்?” என்று யாரோ ஒருவர் கேட்டு எழுதிய விடையில் இருக்கிறது.

எப்பொழுது?

2023-இல் ‘சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ்’ என்னும் சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சி, மாதந்தோறும் எத்தனை பேருக்குக் குரங்குக் காய்ச்சல் காணக்கூடும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட முயன்றது. வானிலைப் பதிவுகளை மட்டும் கொண்டு ஒருமுறையும், அவற்றோடு செய்தித்தாள் அறிக்கைகளையும், இணையத்தில் ஜனங்கள் இவ்வியாதியைப் பற்றித் தேடிய அளவையும் சேர்த்து மற்றொரு முறையும் கணக்கிட்டனர். செய்திகளைச் சேர்த்தபொழுது கணிப்பு மிகவும் திருந்தியது. முறைகளை ஒப்பிட்டதில், சிறு சிறு கேள்விகளை மரக்கிளைபோல் அடுக்கி, ஓர் அடுக்கின் பிழையை அடுத்த அடுக்கு திருத்திக்கொண்டே செல்லும் முறை மேலாக விளங்கிற்று.

வியாதி புதிதாகப் புகுந்த பகுதிகளில் பழைய பதிவுகள் மிகக் குறைவு. யந்திரம் எதனைக் கொண்டு கற்கும்? பல்லாண்டுப் பதிவுள்ள பழைய பகுதிகளில் கற்ற பாடத்தைப் புதிய பகுதிக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள சிறு பதிவுகளால் அதனைத் திருத்திப் பயன்படுத்தினர். முன்னேர் போன வழியே பின்னேர் போவது போன்றதே இது. அவ்வாறு செய்த கணிப்பு, புதிய பகுதியின் பதிவை மட்டும் நம்பிய கணிப்பைக் காட்டிலும் மேலாக இருந்தது. ஒரு ஜில்லாவில் பொறுமையாக எழுதி வைத்த கணக்கு, பெயரறியாத மற்றொரு ஜில்லாவின் ஜனங்களுக்கு உதவுகிறது என்பது இதன் பொருள்.

கடித்தது எது?

மூன்றாம் கேள்விக்கு அமெரிக்காவில் விடை தேடப்பட்டது. அங்கு மனிதரைக் கடிக்கும் உண்ணிகளில் சாதாரணமான மூன்று வகைகளின் 12,000-க்கு மேற்பட்ட புகைப்படங்களை யந்திரத்திற்குக் காட்டிப் பழக்கினர். இவற்றுள் ஒன்று ‘லைம்’ என்னும் வியாதியைப் பரப்புவது. பொது ஜனங்கள் எடுத்தனுப்பிய படங்களே இதற்கு உதவின. 2021-இல் வெளியான முடிவின்படி அந்த யந்திரம் நூற்றுக்கு 87.8 பங்கு சரியாக இனங்கண்டது. பொது ஜனங்களையும் வைத்தியத் தொழிலாளரையும் விட இது மேல். பூச்சி நூலில் பயிற்சி பெற்ற நிபுணரை விடக் கீழ். படத்தில் உண்ணி மிகச் சிறிதாக விழுந்திருந்தால் யந்திரம் அதிகமாகத் தவறியது. இது நம் கைப்பேசிக்கும் பொருந்தும் பாடம். படமெடுத்து அனுப்புவோர், உண்ணி படத்தை நிரப்பும்படி அருகில், நல்ல வெளிச்சத்தில் எடுத்தல் வேண்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். அமெரிக்க உண்ணி மூன்றை மட்டும் கற்ற யந்திரம் நம் காட்டுண்ணியை அறியாது. காட்டினால், தான் கற்ற மூன்றில் ஒன்றின் பெயரையே கூறக்கூடும். பிறதேசத்து விதை நம் மண்ணில் பரீட்சை செய்யப்படாமல் பெரும் பரப்பில் விதைக்கப்படுவதில்லை. யந்திரத்திற்கும் இவ்விதியே தகும்.

வெள்ளையாக விடப்பட்ட கிராமம்

அபாயப் படத்தில் சில கிராமங்கள் சிவப்பாகவும் சில வெள்ளையாகவும் இருக்கும். வெள்ளையாக உள்ள கிராமத்தார் தமக்கு அபாயமில்லையென்று மகிழ்ந்துவிடலாகாது. ஒரு கிராமம் இருவேறு காரணங்களால் வெள்ளையாக இருக்கலாம்: அங்கு வியாதி இல்லாமலிருக்கலாம், அல்லது அங்கு இறந்த குரங்கைப் பற்றி யாரும் சொல்லாமலிருக்கலாம். படத்தைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. யந்திரமும் பிரித்தறியாது.

சொல்லாமலிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. தம் பட்டா நிலத்தருகே வனவிலங்கு இறந்து கிடந்தால், கொன்றவர் யாரென்ற விசாரணை தம் மேல் வருமோ என்று சிலர் அஞ்சுவர். காட்டில் மேய்ச்சலும் விறகும் நிறுத்தப்படுமோ என்று சிலர் கவலைப்படுவர். பாக்கு, காப்பித் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் வரமாட்டார்களென்று சிலர் எண்ணுவர். இவை வீண் அச்சங்கள் என்று தள்ளிவிடத் தக்கவையல்ல. பிழைப்பைப் பற்றிய கவலைகள். தகவல் சொன்னவரைக் குற்றவாளிபோல் அலைக்கழிக்காமல், அவருக்கு நன்றி கூறி உடனே ஆவன செய்வது கிராம அதிகாரிகளின் கடமையாகும். சொன்னவர் ஒருமுறை துன்புற்றால், அடுத்த பருவத்தில் அவ்வூர் முழுவதும் வாய்மூடிவிடும்; படத்தில் அவ்வூர் வெள்ளையாகிவிடும்; காட்டில் உண்ணி இருந்தபடியே இருக்கும்.

நிலமுடையோரின் கவலைக்கும் விடையுண்டு. மறைத்த வியாதி மறைவதில்லை. அது முதலில் தோட்டக் கூலியாளையும், மாடு மேய்க்கும் பிள்ளையையும், விறகெடுக்கும் பெண்ணையும் பற்றும். ஓர் உயிர் போனபின் வரும் பீதியில் ஆட்கள் வராதிருப்பது, முன்னதாகச் சொல்லி ஒரு பகுதியை மட்டும் சிலகாலம் விலக்கி வைப்பதைக் காட்டிலும் பெருநஷ்டமாகும்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் உள்ள குடியானவர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. குரங்கு இறந்து கிடக்கக் கண்டால் அதனைத் தொடலாகாது. புதைக்கவும் எரிக்கவும் தாமாக முயலலாகாது. பந்திப்பூரில் முதலில் நோயுற்றவர் குரங்கின் உடலைக் கையாண்டவர்களே என்பதை நினைவிற் கொள்க. வனக் காவலருக்கும், கால்நடை மருத்துவருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் அன்றே தகவல் தருக. பரீட்சைக்கு வேண்டியதை எடுத்தபின் உடலை எரிப்பதையும், சுற்றுப்புறத்தில் மருந்து தூவுவதையும் தக்க உடையணிந்த ஊழியர்களே செய்வர்.

2. தகவலில் தேதி, இடம், குரங்கின் வகை, தொகை ஆகிய நான்கும் இருக்கட்டும். ‘காட்டில்’ என்று எழுதுவதால் பயனில்லை. ஓடை, பாறை, சர்வே எண், பாதை இவற்றுள் ஏதேனும் ஒன்றால் இடத்தைக் குறிக்க. கைப்பேசியால் இடக்குறிப்பு எடுக்கத் தெரிந்த இளைஞர் ஊரிலிருப்பின் அவர் உதவியைப் பெறுக.

3. டிசம்பர் முதல் மே வரை காட்டினுள் செல்வோர் உடலை மூடும் உடை அணிந்து, உண்ணி விரட்டும் தைலத்தைக் கைகால்களில் பூசிச் செல்லுதல் வேண்டும். சருகின் மேல் உட்காருவதும் படுப்பதும் கூடாது. திரும்பியவுடன் உடையைக் களைந்து வெந்நீரில் ஊறவைத்து, சோப்பிட்டுக் குளித்து, உடலெங்கும் தடவிப் பார்த்தல் வேண்டும்.

4. உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் தவறு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, இடத்தைச் சோப்பிட்டுக் கழுவுக. விரல் நகத்தால் நசுக்கலாகாது.

5. குரங்கு இறந்த பகுதியில் அப்பருவத்தில் மாடுகளை மேயவிடுவதும், சருகும் தழையும் எடுத்துவந்து தொழுவத்தில் பரப்புவதும் கூடாது. மாடுகளுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, அவர் சொல்லும் அளவிலும் இடைவெளியிலும் இடுக. அளவைக் குறைத்து அடிக்கடி இடுவதால் உண்ணி மருந்திற்குப் பழகிவிடும். தொழுவத்துச் சுவரின் வெடிப்புகளைப் பூசி, தரையைச் சுத்தமாக வைத்திருப்பது மாட்டுண்ணியையும் குறைத்துப் பாலைப் பெருக்கும்.

6. காட்டிற்குச் சென்று வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் ஒருநாளும் தாமதியாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. எந்நாளில், எப்பகுதிக்குச் சென்றார் என்பதை வைத்தியர் கேளாவிடினும் சொல்லுக. தனி மருந்து இல்லையெனினும், தக்க சமயத்தில் உடலின் நீர் குறையாமல் காத்து, இரத்தப் போக்கைக் கவனித்துச் செய்யும் சிகிச்சை பலரைப் பிழைப்பிக்கும்.

7. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இதற்கெனத் தனிக் குறிப்புப் புத்தகம் ஒன்று வைத்திருத்தல் நலம். குரங்கு இறப்பு இல்லாத மாதத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதும் ஒரு பதிவேயாகும். ஒன்றும் எழுதப்படாத பக்கத்திற்கும், தேடிப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதிய பக்கத்திற்கும் வேற்றுமை மிகப் பெரிது.

முடிவுரை

டெக்ஸாஸ் காய்ச்சலில் உண்மையை முதலில் கண்டவர் மாடு மேய்ப்போர். கியாசனூரில் வியாதியின் முதல் அறிகுறி ஆராய்ச்சிசாலையில் தோன்றவில்லை. மரத்தடியில் விழுந்து கிடந்த குரங்குகளாகத் தோன்றிற்று. இன்று கணக்கிடும் யந்திரங்கள் எவ்வளவு விரைந்து வேலை செய்யினும், அவற்றிற்கு உணவு கிராமத்திலிருந்தே போகவேண்டும். விதை நெல் பதரானால் உரமும் நீரும் என்ன செய்யும்? தேதி தவறிய, இடம் தெரியாத, காலங்கடந்த தகவலைக் கொண்டு எந்த யந்திரமும் உயிரைக் காக்க இயலாது.

காட்டோரத்து நிலத்தில் ஒரு குரங்கு இறந்து கிடப்பதை ஒருவர் காண்கிறார். அவர் அதனைக் கண்டும் காணாதவர்போல் போகலாம். அல்லது அன்று மாலைக்குள் ஒரு செய்தி அனுப்பலாம். அச்செய்தி படத்தில் ஒரு புள்ளியாகும். அப்புள்ளியைக் கண்டு அடுத்த வாரம் விறகிற்குச் செல்லவிருந்த ஒருத்தி வேறு வழியே சென்றால், அதுவே இவ்வாராய்ச்சிகளின் பலனாகும்.